அந்தோணியார் கிணறு

அன்று தருமபுரி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவின் அறையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: கம்பைநல்லூர்ப் பக்கத்துச் சவரி, அவர் மனைவி லூர்தம்மாள், மருமகள் ராஜமேரி, பேத்தி பாக்கியமேரி, பிறகு டாக்டரம்மா. மகன் ஞானராஜ் இல்லை. மொரப்பூர் ரயில்வே ஸ்டேஷனில் அவனுக்கு வேலை, லீவு கிடைக்கவில்லை. அவனும் அங்கே இருந்தான், அப்பனை எதிர்த்துப் பேசினான் என்று சொல்பவர்கள் அந்த அறையின் வாசலைக்கூட மிதிக்காதவர்கள்.

எழுபத்து நான்காம் வருஷத்துப் பங்குனி மாதம். பாக்கியமேரிக்கு ஏழு வயது. நடந்தால் முழங்கால் இரண்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். ஒரு வருஷமாக ஓட்டம் நின்றுவிட்டது. புதிதாக முளைத்த முன்பற்களில் தேங்காய் நார் நிறத்தில் கோடு கோடாகக் கறை. பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் ‘துருப்பல்லி’ என்று பெயர்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? மொரப்பூரிலிருந்து வந்த மருமகள் கொண்டுவந்த ரத்தம் என்றது. சவரி அப்படிச் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை. அவர் வாய் திறக்காவிட்டால் அந்த வீட்டில் அதுவே தீர்ப்பு. ராஜமேரி இப்போது மறுபடியும் ஐந்து மாதம். ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டால் அவளை வந்து அழைத்துக்கொண்டு போகும்படி அவள் அண்ணன்மாருக்குச் சொல்லி அனுப்புவது என்று சவரி முடிவு செய்திருந்தார். அது அவளுக்கும் தெரியும். மகளை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டுதான் பஸ்ஸில் வந்தாள்.

டாக்டரம்மா குழந்தையை நடக்கவிட்டுப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். பிறகு, மருந்து மாத்திரை பேச்சை விட்டு, “எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?” என்று கேட்டார்.

சவரிக்கு அது மரியாதையான கேள்வியாகப் பட்டது. “எங்க சொந்தக் கெணறுங்க, நானே வெட்டினது. அந்தோணியார் கெணறு. சுத்துப்பட்டுல அப்பேர்ப்பட்ட தண்ணி கெடையாது.”

அவர் சொன்னதில் பெருமை இருந்தது, பொய் இல்லை. ஞானராஜ் சிறுவனாக இருந்தபோது, பஞ்ச காலத்தில், பக்கத்துக் காட்டுக் காளியப்பனுடைய அப்பன் தன் கிணற்றடியில் முறை தவறியதாகச் சொல்லி லூர்தம்மாளின் குடத்தை எட்டி உதைத்தான். என் வம்சம் இனி இன்னொருத்தன் கிணற்றில் கயிறு போடாது என்று சவரி அன்றைக்கே ஆணையிட்டார். பாறைக்கு வேட்டு வைத்து ஆழமாக இறக்கினார். ஊர்க் கிணறெல்லாம் வற்றியபோதும் அது வற்றவில்லை. பங்குச் சாமியார் வந்து மந்திரித்தார். சுவரில் மாடம் விட்டு அந்தோணியார் சுரூபத்தை வைத்தார்கள். அந்த வீட்டில் பிறக்கும் பிள்ளைக்குத் தாய்ப்பாலுக்கு முன்னால் அந்தத் தண்ணீரில் சர்க்கரை கரைத்து ஒரு சொட்டு. காய்ச்சல் என்றாலும் அதே தண்ணீர். பாக்கியமேரிக்குக் கால் வலி கண்டதிலிருந்து, விடிந்ததும் வெறும் வயிற்றில் பெரிய சொம்பு நிறைய, மாடத்துக்கு முன்னால் நிறுத்திச் சவரியே கொடுத்தார். அடி மண்டி வரை குடித்து முடித்தால்தான் விடுவார்.

டாக்டரம்மா ராஜமேரியின் பக்கம் திரும்பினார். “உன் பல்லக் காட்டும்மா. நல்லா வெள்ளையா இருக்குதே. நீ எந்த ஊரு?”

“மொரப்பூருங்க.”

“இவங்க வீட்லயே பொறந்து வளந்த வேற யாருக்காச்சும் இப்படிக் கறை உண்டா?”

“இல்லீங்க,” என்றார் சவரி.

“இருக்குதுங்க,” என்றாள் லூர்தம்மாள். “எங்க கடைசிப் பொண்ணு வியாகுலத்துக்கு இருக்குது.”

“ஏ! வாய மூடு.”

“இத்தன வருசம் மூடித்தானே கெடந்தேன்? வாயும் வயிறுமா இருக்கறவள ஊரே ஏசுது. நம்ம பொண்ணு முந்தானையால வாயப் பொத்திகிட்டுத் திரியறா. பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட டைபாய்டு காச்சல்ல வந்ததுன்னு சொன்னீங்க. வந்தவங்க காப்பியக்கூடக் குடிக்காம போனாங்க. ராஜமேரி இந்த வூட்டுக்கு வர்றதுக்கு முந்தியே வியாகுலம் பல்லு அப்படித்தானே இருந்துச்சு? இவ ரத்தம் எங்க, அவ பல்லு எங்க?”

கூடத்தில்கூட வாய்விட்டுப் பேசாத பேச்சு, அன்னியப் பெண்பிள்ளைக்கு முன்னால் போட்டு உடைத்தாகிவிட்டது.

“வியாகுலம் பொறந்தது கெணறு வெட்டினதுக்கு அப்புறமா?” என்றார் டாக்டரம்மா.

“அடுத்த வருசமுங்க,” என்றாள் லூர்தம்மாள்.

டாக்டரம்மா எழுந்து வந்தார். “பெரியவரே, கொஞ்சம் குனிஞ்சு உங்க கால் விரலத் தொடுங்க.”

“நோவு கொழந்தைக்குங்க. எனக்கு ஒண்ணுமில்ல.”

“தெரியும். தொடுங்க.”

அவர் குனிந்தார். கை தொடை வரை போய் நின்றுவிட்டது. முதுகு பலகைபோல அப்படியே இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை முயன்றார். நெற்றியில் வியர்வை துளிர்த்தது, கை ஓர் அங்குலம் இறங்கவில்லை. கோயிலில் எல்லோரும் முழந்தாளிடும் நேரத்தில் அவர் மட்டும் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருப்பார். சவரி கடவுளுக்கே வளையாதவன் என்று ஊர் சொல்லும். அது காதில் விழும்போதெல்லாம் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் பிடித்துமிருந்தது. கடைசியாக எந்த வருஷம் முழந்தாளிட்டோம் என்று இப்போது நினைத்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.

“ஃப்ளோரைடுன்னு ஒரு உப்பு,” என்றார் டாக்டரம்மா. “பாறையில இருந்து தண்ணியில கலக்குது. கண்ணுக்குத் தெரியாது, ருசியும் தெரியாது. சின்னப் புள்ளைங்களுக்குப் பல்லுல கறை விழும், கால் வளையும். பெரியவங்களுக்கு முதுகு இறுகிப்போகும். ஆந்திராப் பக்கம் ஊர் ஊரா பாத்திருக்கேன். தண்ணிய ஒரு பாட்டில்ல அனுப்புங்க, சோதிச்சுடலாம். ஆனா அதுக்காகக் காத்திருக்காதீங்க. இன்னையோட நிறுத்துங்க.”

“காய்ச்சிக் குடிச்சா ஆகாதுங்களா?” என்றாள் லூர்தம்மாள்.

“காய்ச்சினா உப்பு போகாதும்மா.”

ராஜமேரி அப்போதுதான் தானாக வாய் திறந்தாள். குரலில் குற்றச்சாட்டு இல்லை. டாக்டருக்குத் தெரிய வேண்டியதைச் சொல்பவள்போலச் சொன்னாள். “மாமா தெனமும் காலையில ஒரு சொம்பு குடுத்தாருங்க. மருந்துக்குன்னு.”

டாக்டரம்மா சவரியைப் பார்த்தார்.

“அப்ப நாளைக்குக் குடிக்க வேண்டாமா தாத்தா?” என்று பாக்கியமேரி சந்தோஷமாகக் கேட்டாள்.

சவரி தன் வலது கையைப் பார்த்தார். சொம்பைப் பிடித்த கை. குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டபோது தாடையைப் பிடித்து நிமிர்த்திய கை.

“கால் நேராகுங்களா?” என்று கடைசியில் கேட்டார்.

“வளர்ற வயசு. தண்ணிய மாத்தினா கொஞ்சம் நிமிர வாய்ப்பு இருக்கு. முழுசா ஆகும்னு சொல்ல மாட்டேன். வயித்துல இருக்கறதுக்கு இது வராம தடுக்கலாம், அத நிச்சயமா சொல்றேன். ஓடை ஓரத்துல ஆழமில்லாத கெணறு ஏதாச்சும் பாருங்க. அங்க தண்ணி குடிக்கிற புள்ளைங்க பல்லு வெள்ளையா இருந்தா, அந்தத் தண்ணியிலயும் ஒரு பாட்டில் அனுப்புங்க.”

ஓடை ஓரத்தில் அப்படி இருப்பது காளியப்பன் கிணறுதான் என்று மூன்று பேருக்கும் தெரியும். பஸ்ஸில் லூர்தம்மாள்தான் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, “நான் போய்க் கேக்கட்டுங்களா? ஒதை வாங்கின கொடம் என்னுதுதானே,” என்றாள்.

“ஆணையிட்டது நான்,” என்றார் சவரி.

கம்பைநல்லூரில் இறங்கியதும் பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நேரே காளியப்பன் காட்டுக்குப் போனார். வாய்க்காலில் அவனுடைய பேரப்பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தன. சவரி வரப்பில் நின்று பார்த்தார்.

“என்னா தாத்தா பாக்கறீங்க?” என்றது ஒன்று.

“சிரி.”

“எதுக்கு?”

“சும்மா சிரி.”

கிறுக்குத் தாத்தா என்று அத்தனையும் சிரித்தன. ஒரு பல்லில்கூடக் கறை இல்லை. சவரிக்குக் கண் கூசியது.

காளியப்பன் மண்வெட்டியோடு வந்தான். “என்னாங்கண்ணா, வழி தப்பி வந்துட்டீங்களா? உங்க அந்தோணியார் கெணறு வத்திப்போச்சா?”

“வத்தல. தண்ணி கெட்டது. எம் பேத்தி காலு அதனாலதான் வளைஞ்சுது. எம் பொண்ணு பல்லும் அதனாலதான். எம் மருமக ரத்தத்துல ஒரு குத்தமும் இல்ல. இத நீயே ஊருல சொல்லு, நான் சொன்னேன்னு சொல்லு.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். “எங்க வூட்டுக்குக் குடிக்கத் தண்ணி வேணும்.”

காளியப்பனுடைய முகத்திலிருந்த கேலி போய்விட்டது. மண்வெட்டியைக் கீழே வைத்தான்.

“எங்கப்பன் செத்து எத்தனையோ வருசமாச்சுங்கண்ணா. அண்ணிய இறைச்சுக்கச் சொல்லுங்க. கயிறு இங்கயே கெடக்குது.”

“கயிறு நாங்க கொண்டாருவோம்,” என்றார் சவரி.

மறுநாள் விடிகாலையில் லூர்தம்மாளும் வியாகுலமும் குடத்தோடு போனார்கள். அன்றைக்கே பஸ்ஸில் இரண்டு கிணற்றுத் தண்ணீரும் பாட்டிலில் தருமபுரிக்குப் போயின. டாக்டரம்மா சொன்னது சரி, அந்தோணியார் கிணற்றில் அந்த உப்பு, காளியப்பன் கிணறு குடிக்க நல்லது என்று பதில் வந்தது. ராஜமேரியின் அண்ணன்மாருக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

தண்ணீருக்காகச் சவரி காளியப்பன் காலில் விழுந்தார் என்று கம்பைநல்லூர்ச் சந்தையில் ஒரு பேச்சு நடக்கிறது. விழவில்லை. நின்றுகொண்டுதான் கேட்டார். காளியப்பனும் நின்றுகொண்டுதான் சரி என்றான்.