ஏழு படகுகளை அழைத்த பாறை

கீழ்வானம் வெளுத்துச் செம்மை பூண்டு, அச்செம்மை நியான்சா ஏரியின் அகன்ற நீர்ப்பரப்பிற் சிந்திப் பொன்துகளாய் மிதக்க, நாணற் புதர்களில் துயின்ற நீர்க்காகங்கள் சிறகுதறி எழ, மாமல்லர் சிலர் விளையாட்டாய் அடுக்கிவிட்டு மறந்தவைபோல் ஒன்றன்மேல் ஒன்றாய் நின்ற கருங்கற் குன்றுகள் தத்தம் நீள்நிழலை ஊர்மீது மெல்ல விரிக்க, ஈகலாமா என்னும் அச்சிற்றூர் கண்விழித்தது. கரையேறிய படகுகளினின்று வெள்ளிச் சில்லுகள் அன்ன சிறுமீன்களை வாரி மணலிற் பரப்பிய மகளிர், ஒருவரையொருவர் ஏசியும் நகைத்தும் பறவைகளை ஓட்டியும் தம் நாளைத் தொடங்கினர்.

அவ்வூர்க் குன்றின் தோளில், மூன்று எருதுகளின் நீளமுடைய பாறையொன்று சிறுகற்களின்மீது தாங்குண்டு கிடந்தது. கைக்கல்லால் அதனை அறைந்தால் வெண்கல மணியென ஓசையெழும். அவ்வோசை நீர்மேல் நெடுந்தொலைவு செல்லும். மூடுபனியோ சூறையோ ஏரியை மறைத்த நாட்களில் பெண்டிர் அக்குன்றேறிப் பாறையை அறைவதும், திசை தவறிய படகினர் அவ்வோசைக்குத் தம் முகப்பைத் திருப்பிக் கரைசேர்வதும் எக்காலத்தே தொடங்கினவென்று அறிந்தார் எவருமிலர். எண்ணிறந்த கைகள் அறைந்தறைந்து அப்பாறையிற் குழித்த சிறு குழிகளில் மட்டும் அக்கணக்கு எழுதப்பட்டிருந்தது.

குன்று மசலு என்பானின் குடிக்குரியது. அவனுக்குப்பின் அது அவன் மனைவி லிமியின் பொறுப்பாயிற்று. நான்கு ஆண்டுகளுக்கு முன், பெருமழைக் காலத்துச் சூறையொன்றில் எட்டுப் படகுகள் சிக்குண்டன. லிமி இரு பகலும் ஓர் இரவும் அப்பாறையை அறைந்தாள். ஏழு படகுகள் மீண்டன. மசலுவின் படகு மீளவில்லை. அதன்பின் அவள் குன்றேறியதில்லை. துயரமே அதற்குக் கரணியமென ஊரார் கருதினர். அவள் நெஞ்சை அரித்ததோ வேறு. இரண்டாம் நாள் விடியலில் தன் கை சோர்ந்தது. அறைந்த அறையெல்லாம் தன் செவிக்கே மெலிந்து ஒலித்தது. அதனாலன்றோ அவன் கேளாது போயினான் என்ற ஐயத்தை எவரிடமும் உரையாது உமியிலிட்ட தீயாய்க் காத்துவந்தாள்.

ஏரிக்கரையினின்று சந்தையூர்க்குச் சாலையமைக்க வந்த குழுமத்தார்க்குக் கல் வேண்டியிருந்தது. அக்குன்றை வெடிவைத்துப் பிளக்க லிமியின் கைந்நாட்டைப் பெறும் பணி, உள்ளூரானும் அவர்தம் மேற்பார்வையாளனுமான லுகெண்டேயிடம் ஒப்படைக்கப்பட்டது.

"ஒரு கைரேகை போதும்க்கா. மழைக்கு முன்னாடி ரோடு வந்துடும்."

"அந்தப் பாறை ஒழிஞ்சா எனக்கு நிம்மதிதான், தம்பி. குடு."

மை தோய்ந்த விரல் தாளைத் தீண்டுமுன், மீன் உலர்த்தும் கபூலா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"ஏய் நில்லு, நில்லு! மாவட்ட ஆபீஸ்லேருந்து அம்மா வந்திருக்காங்க. ஊரு பாதுகாக்க வேண்டியதையெல்லாம் பதிவு பண்றாங்களாம். வெள்ளக்காரன் பங்களாவ மட்டும் எழுதிக்கிட்டுக் கிளம்பப் பாத்தாங்க. அங்க வௌவாலு குடித்தனம் நடத்துது, எங்க பாறைய வந்து பாருங்கன்னு இழுத்துட்டு வந்திருக்கேன்!"

"ரோடு வரலன்னா உன் மீனு நாறித்தான் போகும்" என்றான் லுகெண்டே.

"நாறுனா உனக்கே ஆக்கிப் போடறேன், தின்னு."

குன்றின் அடியில் ஊர் கூடிற்று. பெலிஸ்தா என்னும் அவ்வலுவலர் தன் ஏட்டை விரித்து, இதனை இயற்றியவர் யார், எக்காலத்தது, சான்று யாதென்று வினவ, ஒருவர்க்கும் விடை தெரிந்திலது.

"யாரு செஞ்சாங்கன்னு தெரியலன்னா பரவால்லம்மா," என்றாள் அவள். "இது உங்களுக்கு எதுக்கு வேணும்னு நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல முடியாது."

"இப்பதான் எல்லார்கிட்டயும் போன் இருக்கே?" என்று லுகெண்டே குறுக்கிட்டான்.

"நடு ஏரியில உன் போனுக்கு எந்த டவரு கிடைக்குது? மீனா டவரு புடிச்சுக் குடுக்குது?" என்று கபூலா மடக்க, கூட்டம் நகைத்தது.

பெலிஸ்தா லிமியை நோக்கினாள். லிமி, கல்லைப் பெயர்ப்பாள்போல ஒவ்வொரு சொல்லாய்ப் பெயர்த்துரைத்தாள்.

"ரெண்டு நாளு அடிச்சேன். கையில தோலு உரிஞ்சுபோச்சு. அடுத்தவளுக புருஷனெல்லாம் வந்தான். என் ஆளு வரல. இதுல எனக்கு என்ன இருக்கு, சொல்லுங்க?"

அப்பொழுது லுகெண்டே தன் தொப்பியைக் கழற்றினான். அவன் முகம் சாம்பல் பூத்திருந்தது.

"அக்கா, ஏழாவது படகுல நான் இருந்தேன். தண்ணிய இறைச்சு இறைச்சுக் கை செத்துப்போச்சு. இனி அவ்வளவுதான்னு படுத்துட்டேன். ரெண்டாம் நாளு விடியக்காலைல அந்த ஓசை கேட்டுச்சு. அடிச்சது நீதான்னும், உன் ஆளு வரலன்னும் கரையேறினப்புறம் தெரிஞ்சுது. உன் மூஞ்சியில முழிக்க முடியாமத்தான் ஏரிய விட்டுட்டுக் கல்லு உடைக்கப் போனேன்."

"நாலு வருஷமா வாயத் தொறக்காம, இன்னிக்குக் காகிதத்தத் தூக்கிட்டு வந்தியா?"

"ஆமாக்கா. வெக்கங்கெட்டவன்தான்."

லிமி எழுந்து அவனருகே சென்றாள்.

"விடியக்காலைலயா? எப்படிக் கேட்டுச்சு? லேசாவா?"

"லேசாவா? பக்கத்துல நின்னு பேரு சொல்லிக் கூப்பிட்ட மாதிரி கேட்டுச்சுக்கா."

நான்கு ஆண்டுகள் இறுகிக் கிடந்ததொன்று அவளுள் நெகிழ்ந்தது. தன் ஓசை ஏரியெங்கும் சென்றிருக்கிறது, மசலுவும் அதனைக் கேட்டே இருப்பான், கேட்டும் வரவியலாதவாறு நீர் அவனைத் தடுத்தது, தன் கையன்று. முகத்தை மேலாடையாற் பொத்தி அவள் அழுதபோது எவரும் தேற்ற முற்படவில்லை. அஃது அழவேண்டிய அழுகை என்பதனை அனைவரும் உணர்ந்திருந்தனர். பின்னர் அவள் விரலின் மையைத் தரையில் துடைத்துவிட்டுக் கைந்நாட்டிடாத தாளைத் திருப்பி நீட்ட, லுகெண்டே அதனை வாங்கி நான்காய் மடித்துத் தன் பையிலிட்டான். தன் பணி அன்றோடு முடிந்ததென்பது அவனுக்குத் தெரியும்.

பெலிஸ்தா எழுதியதைப் படித்துக்காட்டினாள்.

"ஏழு படகு வந்ததை எழுதிட்டேன். வேற ஏதாவது சேக்கணுமா?"

"எட்டாவது வரலன்னும் எழுதுங்கம்மா," என்றாள் லிமி. "மசலுன்னு பேரோட எழுதுங்க. கூப்பிட்டா எல்லாரும் வந்துடுவாங்கன்னு பின்னால வர்றவ யாரும் நெனைச்சுடக் கூடாது. வரலன்னா அது அடிச்சவ குத்தம்னும் நெனைச்சுடக் கூடாது."

ஏட்டில் அதற்கென இடமில்லை. பெலிஸ்தா ஓரத்து வெற்றிடத்தில் நுண்ணிய எழுத்தால் அதனை வரைந்தாள்.

குழுமத்தார் தொலைவிலுள்ள வேறொரு குன்றைத் தேடிச் சென்றனர். சாலை ஒரு மழைக்காலம் பிந்தி வந்தது. அவ்வாண்டு மீன் அழுகியபோது ஊரார் லிமியைப் பழித்தனர், கபூலாவும் பழித்தாள், லிமி பொறுத்துக்கொண்டாள். லுகெண்டே கடன்படகொன்றில் மீண்டும் வலைவீசப் புகுந்தான்.

அறிவுடையீர், ஒரு மக்கட்கூட்டம் தனதெனப் போற்றிக் காப்பவற்றுள் வென்ற நாட்களும் உண்டு, தோற்ற நாட்களும் உண்டு. அவ்விரண்டையும் ஒருங்கே எழுதிவைக்கும் ஏடே மெய்யான ஏடு. மீண்டவரை எண்ணி மகிழும் ஊர், மீளாதவர் பெயரையும் அம்மகிழ்ச்சியின் ஓரத்திலேனும் எழுதிக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளது.