சராசரியைக் கவிழ்க்கப் போன குடும்பம்

வக்கீல் என்றால் நிஜ வக்கீல் இல்லை. ஐந்து வயதில், "பாலைக் குடிடி" என்ற அம்மாவிடம், "குடிக்கலைன்னா என்ன ஆகும்? முதல்ல அதைச் சொல்லு" என்று கேட்டாளாம். அன்றைக்குப் பெரியப்பா வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. மாடியில் வீடு, கீழே சலவைக் கடை. இரண்டு இடத்திலும் அவள் வக்கீல்தான். கூப்பிட்டுக் கூப்பிட்டே அவளுக்கும் ஆசை வந்துவிட்டது. ஊரில் இருந்த ஒரே சட்டக் கல்லூரியில் எப்படியாவது சேர்ந்துவிட வேண்டும். அதற்கு ஒரு நுழைவுத் தேர்வு. அதுதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது.

நூறு கேள்விகள். முதல் தடவை எழுதியபோது எண்பத்தாறு சரி. வீடே கூத்தாடியது. முடிவு வந்தபோது பார்த்தால் மார்க் அறுபத்தொன்பது. எதிர்வீட்டுப் பல் டாக்டர் மகன் வேறொரு நாள் எழுதியிருந்தான். அவனுக்கு எழுபத்து நாலுதான் சரி. ஆனால் மார்க் எண்பது! இடமும் கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து அவன் தெருவில் போகும்போதெல்லாம் இவளைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். பரம்பரைத் தொழில் அல்லவா.

"இது எந்த ஊரு நியாயம்?" என்று கடை நடுவில் நின்று கத்தினாள் வக்கீல். "அவன் எழுதின நாள்ல தாள் கஷ்டமாம், எல்லாரும் சொதப்பிட்டாங்களாம். அதனால எல்லாருக்கும் மார்க்கை ஏத்திட்டாங்க. நான் எழுதின நாள்ல தாள் சுலபமாம், எல்லாரும் நல்லா எழுதிட்டாங்களாம். அதனால எனக்கு இறக்கிட்டாங்க. இதுக்குப் பேரு வளைவாம்!"

அப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "நேரா இருக்கிற மார்க்கை எதுக்கும்மா வளைக்கணும்?"

"பக்கத்துக் கடைக்காரன் நல்லாத் துவைச்சா நாம துவைச்சது அழுக்காயிடுமா?" என்றாள் அம்மா. அவள் முன்மேஜையில் உட்கார்ந்து துணிகளுக்குச் சீட்டுக் குத்திக்கொண்டிருந்தாள்.

"ஆயிடுமாம்மா! அதைத்தான் சொல்றாங்க!"

ஒருவர் அந்தத் தேர்வை இரண்டு தடவைதான் எழுதலாம். இன்னும் ஒரு தடவை பாக்கி. அதிலும் கோட்டை விட்டால் சட்டக் கல்லூரி வாசலை ஜென்மத்துக்கும் மிதிக்க முடியாது.

பெரியப்பாவுக்குக் கல்யாணமாகவில்லை. அந்த நேரத்தையெல்லாம் யோசனை பண்ணவே வைத்திருந்தார். நீராவி அறையிலிருந்து வியர்க்க விறுவிறுக்க வெளியே வந்தார்.

"வக்கீலம்மா, அந்தச் சராசரிங்கிறது ஒரு ஹால்ல எழுதுறவங்களை மட்டும் வச்சுத்தானே?"

"ஆமா. அன்னைக்கு அந்த ஹால்ல யார் யார் எழுதுறாங்களோ அவங்களை வச்சு."

"அப்போ சராசரியைக் கீழ இழுக்கணும். அதுக்குத் தேவை மக்குங்க. நம்ம வீட்டுல மக்குக்கா பஞ்சம்?" என்று தம்பியைப் பார்த்தார்.

"உன்னைச் சேர்த்துத்தானே சொல்றே?" என்றார் அப்பா.

இந்த இரண்டு பேரும் அப்படித்தான். நூல் சட்டையை ஈரமாகத் தேய்ப்பதா, காயவைத்துத் தேய்ப்பதா என்று கடை திறந்த நாளில் ஆரம்பித்த வாக்குவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் பிள்ளைக்கு என்றதும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள். அந்தத் தேர்வை எந்த வயதிலும் எழுதலாம். புதன்கிழமை காலைத் தேர்வுக்குக் கூட்டம் குறைவு, முப்பது பேர்கூடத் தேறாது. அதில் மூன்று பேர் முட்டை வாங்கினால் சராசரி தரையைத் தொடும், வக்கீலின் மார்க் வானத்தைத் தொடும். மூன்றாவது முட்டைக்கு அம்மாவைச் சேர்த்துக்கொண்டார்கள். யாரும் அவளைக் கேட்கவில்லை. எழுது என்றார்கள், அவ்வளவுதான்.

விதிமுறையைப் படித்தபோதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. ஒன்றுமே எழுதாத தாளைக் கணக்கில் சேர்க்க மாட்டார்களாம். ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடை கொடுத்திருப்பார்கள், கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குறித்தாலும் நாலு கேள்வியில் ஒன்று சரியாகிவிடும்.

"அப்போ எல்லாத்தையும் தப்பாவே போடணும்" என்றார் அப்பா.

"தப்பாப் போடணும்னா எது சரின்னு தெரியணும்ல?" என்றார் பெரியப்பா.

கேட்டால் நியாயமாகத்தானே இருக்கிறது! வக்கீலுக்கும் அப்படித்தான் பட்டது. அங்கேதான் சனியன் உள்ளே வந்தது.

மறுநாளிலிருந்து கடை பள்ளிக்கூடமாகிவிட்டது. பெரியப்பா நீராவி அறைக்குள் புத்தகத்தோடு போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். புத்தகம் அப்பளமாக உப்பிப் போய் வெளியே வந்தது. அப்பா தொங்கும் கோட்டுகளுக்குப் பின்னால் நின்று முணுமுணுத்தார். கோட்டு பேசுகிறதே என்று ஒரு வாடிக்கையாளர் பயந்தே போனார்.

"வக்கீலம்மா, 'எல்லாப் பூனையும் கறுப்பு இல்லை'ன்னா, 'எந்தப் பூனையும் கறுப்பு இல்லை'ன்னு அர்த்தமா?" பெரியப்பா ரகசியமாகக் கேட்டார்.

"இல்லை பெரியப்பா. சில பூனை கறுப்பா இருக்கலாம்."

"தப்பாப் போடத்தான் கேட்டேன். உங்கப்பன்கிட்ட சொல்லாதே."

பத்து நிமிஷத்தில் அப்பா வந்து அதே பூனையைக் கேட்டார். "தப்பாப் போடத்தாம்மா. உங்க பெரியப்பாகிட்ட சொல்லாதே."

அம்மா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. சீட்டுக் குத்திக்கொண்டே எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டாள். ஒரு நாள் அப்பா தவறான விடையைச் சொன்னபோது, தலையை நிமிர்த்தாமலே, "அந்த ஒப்பந்தம் செல்லாதுங்க, கையெழுத்துப் போட்டப்போ அவனுக்குப் பதினாறு வயசுதான்" என்றாள். அப்பாவுக்குச் சுருக்கென்றது. வக்கீல் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும்.

தேர்வு நாளில் வக்கீல் முன்வரிசையில் உட்கார்ந்தாள். மூன்று முட்டைகளும் பின்னால் உட்கார்ந்தன. கால் மணி நேரம் போனதும் அவளுக்கு நிம்மதியில்லை. திரும்பிப் பார்த்தாள். பெரியப்பா தாளைச் சுற்றி இடது கையால் வேலி போட்டிருந்தார். தம்பி விடையைப் பார்த்துவிடக் கூடாதாம்! அப்பா விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார், முகத்தில் அப்படி ஒரு வெறி. தப்பாகப் போடுகிறவனுக்கு எதற்கையா இத்தனை கணக்கு? மறுபடி கேள்வியைப் பார்த்தாள், மறுபடி திரும்பினாள். இப்படித் திரும்பித் திரும்பியே கண்காணிப்பாளரிடம் இரண்டு தடவை திட்டு வாங்கினாள். மணி அடித்தபோது அவள் தாளில் எட்டுக் கேள்விகள் காலியாகக் கிடந்தன.

வெளியே வந்ததும் மூன்று பேரையும் சுவரோரமாக நிற்க வைத்தாள். "எல்லாம் தப்பாத்தானே போட்டீங்க?"

"பின்னே?" என்றார் பெரியப்பா, வானத்தைப் பார்த்துக்கொண்டு.

"சத்தியமா" என்றார் அப்பா, பூமியைப் பார்த்துக்கொண்டு.

கொஞ்ச தூரம் நடந்திருப்பார்கள். பெரியப்பாவால் தாங்க முடியவில்லை. "ஏன்டா, அந்த ரயில் கேள்விக்கு விடை நாற்பதுதானே?"

"நாற்பதா? கிழிஞ்சது. முப்பத்தாறு!"

"முப்பத்தாறு போட்டியா? மக்கு!"

"யாரு மக்கு? பூனைக்கு நீ என்ன போட்டே?"

நடுத்தெருவில் இரண்டு பேரும் விடைகளைச் சொல்லிச் சொல்லிச் சண்டை போட்டார்கள். வக்கீல் பேயறைந்த மாதிரி நின்றாள். "ஐயோ, சரியாவா போட்டீங்க? எல்லாத்தையுமா?"

"நான் முட்டை வாங்கி, இவன் ஒரு மார்க் வாங்கிட்டான்னு வை" என்றார் பெரியப்பா. "சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவான்மா."

"நீயும்தான்!" என்றார் அப்பா.

"நீயாவது, அம்மா?" வக்கீல் அம்மா பக்கம் திரும்பினாள்.

அம்மா முந்தானையைச் சரிசெய்தாள். "தெரிஞ்ச விடையைத் தப்பாப் போட எனக்குக் கை வரலைடி."

முடிவு வந்தது. கல்லூரியில் மிச்சம் இருந்தது மூன்றே இடங்கள். அம்மாவுக்கு எண்பத்தொன்று. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஆளுக்கு எழுபத்தேழு. மூன்று இடமும் அவர்களுக்கு! வக்கீலுக்கு எழுபத்தாறு. காத்திருப்போரில் முதல் ஆள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததுகூடப் பரவாயில்லை, அந்தக் குரங்குக்குச் சீட்டு வேறு கிடைத்துவிட்டது.

வக்கீல் வளைவைத் திட்ட வாயைத் திறந்தாள். திட்ட வழியில்லை. அதே நாள், அதே ஹால், அதே தாள். வளைத்தாலும் நிமிர்த்தினாலும் வீட்டிலேயே கடைசி அவள்தான். அவமானத்தில் காதெல்லாம் எரிந்தது.

அன்று மத்தியானமே கடைக் கதவைச் சாத்திவிட்டுப் பஞ்சாயத்து நடந்தது. "இதுல என்ன இருக்கு?" என்றார் அப்பா. "மூணு பேர்ல ஒருத்தர் வேண்டாம்னு சொன்னா வக்கீலம்மாவுக்கு இடம் வந்துடும்." சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தார். பெரியப்பாவும் பார்த்தார். வக்கீலும்தான் பார்த்தாள்.

அம்மா ஒரு சட்டைக்குச் சீட்டுக் குத்தி முடித்தாள். "எதுக்கு என்னைப் பார்க்கறீங்க? நான் போகப் போறேன்."

"எங்க?"

"காலேஜுக்கு."

"அம்மா!" வக்கீலுக்கு அழுகையும் ஆத்திரமும் பொத்துக்கொண்டு வந்தன. "நீயெல்லாம் ஒரு அம்மாவா?"

"அம்மாதான். அதுக்காக என் மார்க் உன் மார்க்காயிடுமா?" அம்மா சட்டையைத் தள்ளி வைத்தாள். "எழுதுன்னு சொன்னீங்க, எழுதினேன். எழுத எழுத எனக்குப் பிடிச்சிருந்தது. இத்தனை வருஷத்துல எனக்குன்னு வந்தது இது ஒண்ணுதான். அதையும் உன் கையில குடுத்துட்டு இந்த மேஜையிலேயே உட்காரணுமா? சொல்லு. நீதான் வக்கீலாச்சே, வாதாடு. ஜெயிச்சுட்டா குடுத்துடறேன்."

வக்கீல் யோசித்துப் பார்த்தாள். பாலுக்கும் வளைவுக்கும் வாதாடியவளுக்கு இதற்கு ஒரு வரிகூட வரவில்லை. அம்மா சொல்வதில் ஓட்டை இல்லை. அம்மாவிடம் இடத்தைக் கேட்பதே தப்பு என்று பட்டதும் அவளுக்கு அழுகை நின்றுவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பா பக்கமும் பெரியப்பா பக்கமும் திரும்பினாள்.

"அவன் விடட்டும், அடுத்த நிமிஷம் நான் விடறேன்" என்றார் பெரியப்பா.

"மூத்தவன் முதல்ல விடட்டும்" என்றார் அப்பா.

"சரி, யாரும் விட வேண்டாம்" என்றாள் வக்கீல். "ஆனா ஒண்ணு. ரெண்டு பேருக்கும் ஒரே மார்க். யாரு பெரியவன்னு மார்க்கை வச்சுச் சொல்ல முடியாது. யாரு முதல்ல விட்டுக் குடுக்கறாங்களோ அவங்கதான் இந்த வீட்டுல பெரிய மனுஷன். நான் கல்யாணம் பண்ணி, என் பேரப்பிள்ளைங்க வந்தாலும் அதைத்தான் சொல்லுவேன்."

பெரியப்பா மெல்லச் செருப்பைத் தேடினார். அப்பா செருப்பைத் தேடவே இல்லை, வெறுங்காலோடு கதவைத் திறந்து ஓடினார். "டேய், நில்லுடா! நான் மூத்தவன்டா!" என்று பெரியப்பா பின்னால் ஓடினார். கல்லூரி அலுவலகத்தில் இரண்டு பேரும் ஒரே ஜன்னலுக்குள் தலையை விட்டு, "எனக்கு வேண்டாம்!" என்று ஒரே நேரத்தில் கத்தினார்களாம். வேண்டும் என்று அடித்துக்கொள்கிறவர்களையே பார்த்துப் பழகிய குமாஸ்தா எழுந்தே நின்றுவிட்டாராம்.

சேர்க்கைக்கு அம்மாவும் மகளும் சேர்ந்தே போனார்கள். வழியில் இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. குமாஸ்தா முதலில் வக்கீலின் தாளை எடுத்தார்.

"பொறுப்பாளர் கையெழுத்து?"

அம்மா போட்டாள்.

குமாஸ்தா அடுத்த தாளை எடுத்தார். "உங்களுக்கு யாரும்மா பொறுப்பு? வீட்டுக்காரர் வந்திருக்காரா?"

அம்மா வாசலைப் பார்த்தாள். வெளியே அப்பாவும் பெரியப்பாவும், அன்றைக்கு 'வேண்டாம்' என்று கத்தியதில் யார் குரல் முதலில் கேட்டது என்று காவலாளியிடம் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கூப்பிட அவள் எழுந்தாள்.

"நீ உட்காரு" என்றாள் வக்கீல். பேனாவை வாங்கி, பொறுப்பாளர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். உறவு என்ற இடத்தில் 'மகள்' என்று எழுதினாள்.

குமாஸ்தா கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "இப்படிப் போடலாமான்னு தெரியலையே."

"போடக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு? காட்டுங்க" என்றார்கள் இரண்டு பேரும், ஒரே குரலில்.