தட்டினால் மூடும்

எங்கள் சிப்பிக் கொட்டகையில் ஒரே ஒரு சட்டம்தான். வாய் திறந்து கிடக்கும் சிப்பியை எடுத்து, கத்திப் பிடியால் ஓட்டில் ஒரு தட்டு. மூடிக்கொண்டால் உயிர் இருக்கிறது, தொட்டிக்குப் போகும். மூடாவிட்டால் செத்தது, குப்பைக்கூடைக்குப் போகும். தூக்கத்திலும் கட்டிலைத் தட்டுகிறேன் என்று என் வீட்டுக்காரர் தலையணையோடு கூடத்துக்குக் குடிபோய்விட்டார்.

மருமகன் கப்பல் வேலைக்குப் போயிருந்ததால் மகள் எங்களோடு இருந்தாள். ஏழாம் மாதம். மசக்கை விட்டதிலிருந்து அவள் வாய் கேட்பது சிப்பி ஒன்றைத்தான். வேலை முடிந்து வரும்போது ஒரு தூக்கு நிறையக் கொண்டுவருவேன். என் கையால் தட்டிப் பொறுக்கிய சிப்பி; வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு இதைவிட நல்லது எங்கே கிடைக்கும் என்று தெருவெல்லாம் பெருமையடித்தேன்.

இந்தப் பருவம் தொடங்கியபோதே ஏதோ சரியில்லை. வளர்ப்புக் கயிற்றைப் பிடித்துக்கொள்ள சிப்பி ஒரு நார் விடும், தாடி என்போம். பழுப்பாக, முரடாக இருக்கும். பிய்த்தால் நகம் போய்விடும். இப்போது தொட்டதுமே கையோடு வந்தது, நடுவில் நீலமும் சிவப்புமாக இழைகள் வேறு. கழிமுகத்துக்கு மேலே பிளாஸ்டிக் உருக்கும் ஆலை வந்ததிலிருந்து தண்ணீர் எண்ணெய் பூசியது போலக் கிடந்தது. சிப்பிகள் கயிற்றிலிருந்து தானாக உதிர்வதாகப் படகுக்காரர்கள் சொன்னார்கள்.

ஆனால் தட்டினால் மூடின. குப்பைக்கூடைக்கு வேலையே இல்லாமல் போயிற்று. எதைக் கேட்டாலும் 'எல்லாம் சுத்தம்' என்பதால் மேற்பார்வையாளருக்கு நாங்கள் வைத்த பெயர் சுத்தம். அவருக்கு வாயெல்லாம் பல்.

அன்று மதியம் ஒரு சிப்பி கனமே இல்லாமல் கைக்கு வந்தது. தட்டினேன். சட்டென்று மூடிக்கொண்டது. மனசு கேட்காமல் கத்தியை விட்டு நெம்பினேன். உள்ளே சதை இல்லை. பால் கவர் போல மெல்லிய ஏடு ஒன்று இரண்டு ஓடுகளையும் பிடித்துக்கொண்டிருந்தது. அதில் நீல இழைகள் நரம்பாக ஓடின. திறந்து வைத்ததை மறுபடி தட்டினேன். ஏடு சுருங்கியது. ஓடு மெதுவாக, பொறுமையாக மூடிக்கொண்டது.

அடுத்ததைத் திறந்தேன். சதை இருந்தது, ஆனால் பாதி ஏடாகியிருந்தது. அதற்கடுத்ததும் அப்படித்தான். சுத்தத்தைக் கூப்பிட்டேன்.

"இதுல உயிர் எங்க இருக்கு, நீங்களே சொல்லுங்க."

அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. விரலால் ஒரு தட்டு தட்டினார். "மூடுதுல்ல?"

"மூடுது."

"அப்புறம் என்னக்கா? தொட்டில போடுங்க."

"உள்ள ஒண்ணுமே இல்லைங்க."

"உள்ள பாக்குறது நம்ம வேலை இல்லக்கா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனிடம் என்ன பேச? என் கண்ணுக்குள் மகளின் தூக்குதான் நின்றது. கத்தியை மேசையில் எறிந்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

மகள் அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தாள். முந்தின நாள் மிச்சம். ஓடுகள் குவிந்த தட்டை மேசையில் வைத்தாள். அந்தச் சத்தத்துக்கு, வேகவைத்து, தின்று, போட்ட ஓடுகளில் இரண்டு மூன்று மூடிக்கொண்டன. அவள் பார்க்கவில்லை.

"இனிமே இதைத் தொடாதடி."

"ஏம்மா? சரி, நல்ல சேதி கேளு. நேத்துலேருந்து குழந்தை அசையவே இல்லன்னு பயந்துபோய் டாக்டரம்மாகிட்ட போனேன். உனக்குச் சொல்லல, நீ ஊரைக் கூட்டிடுவ. வயித்தை லேசா தட்டிப் பாருன்னாங்க. தட்டினதுமே அசைஞ்சுது. நீயே பாரேன்."

பிள்ளை பிள்ளையாக இருந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று மனசுக்குள் கெஞ்சினேன். எத்தனையோ சிப்பிகளைத் தட்டிய கை அன்று தட்ட மறுத்தது. அவளே என் விரலைப் பிடித்து வயிற்றில் தட்டினாள்.

உள்ளிருந்து உடனே பதில் வந்தது.

"பாத்தியாம்மா, உயிரோட இருக்கு" என்று மகள் சிரித்தாள்.

நானும் பிள்ளை பெற்றவள். உதை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது உதை இல்லை. என் விரலுக்கு அடியில், மெதுவாக, பொறுமையாக, ஏதோ மூடிக்கொண்டது.