கோட்டைக்குப் போகாத வழி

"இன்னிக்காவது அந்தக் கோட்டைக்குப் போய்த் தொலைங்களேன்" என்றாள் அவள், சலவைக்கூடத்து வேலை முடிந்து வந்த கையோடு, செருப்பைக்கூடக் கழற்றாமல்.

கட்டிலில் சாய்ந்திருந்த கணவன் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மூக்கில் ஆக்சிஜன் குழாய், மடியில் வீடியோ கேம் கன்ட்ரோலர். திரையில், அரக்கனைக் கொல்லப் புறப்பட்ட வீரன், யாரோ ஒருத்தியின் தொலைந்த கோழியைத் துரத்திக்கொண்டிருந்தான்.

"அரக்கன் நாட்டையே எரிக்கிறான். நீங்க கோழி பிடிக்கிறீங்க."

"அவன் எங்கடி போயிடப் போறான்? நாம போற வரைக்கும் கோட்டைய விட்டு அசைய மாட்டான். இந்தக் கோழிக்கு யாரு இருக்கா?"

சுவருக்கு வண்ணம் அடித்தே நுரையீரலைத் தொலைத்தவன் அவன். நடமாடிய காலத்திலும் அப்படித்தான். மிஞ்சிய பெயின்ட்டை எடுத்துக்கொண்டு யார் வீட்டுக் கதவுக்கோ பூசப் போய்விடுவான். இவள் போட்டு வைத்த சோறு ஆறிப்போகும். சின்ன உபகாரத்தைக் கடவுள் பெரிதாக எடுத்துக்கொள்வார் என்பது அவன் நம்பிக்கை. அந்த விளையாட்டிலும் கதையை விட்டுவிட்டு, வழியில் கேட்பவர்களுக்கெல்லாம் விறகும் விளக்கெண்ணெயும், படகுக்காரிக்கு மருந்தும் சுமந்துகொண்டிருந்தான்.

டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இனி மருந்தால் பயனில்லை, ஆசைப்பட்டதைச் செய்து கொடுங்கள் என்று சொல்லியிருந்தார். அதை அவள் அவனிடம் சொல்லவில்லை. என்ன ஆசை இருக்கிறது அவனுக்கு? அந்தக் கதையின் முடிவைப் பார்க்காமலே போய்விடுவானோ என்பதுதான் அவள் கவலை. விரல் நடுங்குவதால் சண்டைக்குப் பயந்து ஒதுங்குகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவள் தம்பி அவனை எக்ஸ்ரே எடுக்க அழைத்துப்போனான். அவள் சாமியைக் கும்பிட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து கன்ட்ரோலரை எடுத்தாள். பக்கத்திலிருந்து பார்த்துப் பார்த்தே பழகியிருந்தாள். அரக்கனைச் சாய்த்துவிட்டு, முடிவுக் காட்சிக்கு முன்னால் நிறுத்தி வைத்தால் அவன் வந்து பார்த்துக்கொள்வான். அன்போடு செய்கிற காரியத்தையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

கோழி பிடித்தும் விறகு சுமந்தும் அவன் வீரனுக்குச் சேர்த்து வைத்த பலம் அவளுக்குத் தெரியாது. அரக்கன் நாலு வெட்டில் விழுந்தான். நிறுத்தும் பட்டனை எத்தனை அழுத்தியும் காட்சி நிற்கவில்லை. கோட்டை இடிந்தது, பெயர்கள் ஓடின, ஆட்டம் முதல் பக்கத்துக்குத் திரும்பிவிட்டது. அவன் திரிந்த பழைய ஊருக்குள் போக வழியே இல்லை.

தம்பி அவனைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டுப் போனான்.

"முடிச்சுட்டேங்க" என்றாள். "உங்களுக்குக் கை நடுங்குதேன்னு..."

அவன் திரையையே பார்த்தான். "படகுக்காரிக்கு மருந்து குடுத்தியா? பையிலதான இருந்துச்சு."

அவள் தலையசைத்தாள், இல்லையென்று.

"பரவால்ல, விடு. நல்லதுக்குத்தான பண்ணே." சிரிக்கப் பார்த்தான், இருமல் வந்தது. அடங்கியதும் மெல்லச் சொன்னான்: "டாக்டர் என்கிட்டயும் சொல்லிட்டாருடி. அங்க போகாத வரைக்கும் இங்கயும் ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சுக்கிட்டேன். பைத்தியக்காரத்தனம்தான்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியே குப்பை வண்டி மணியடித்துக்கொண்டு போனது.

வெகுநேரம் கழித்து அவள் புது ஆட்டத்தைத் தொடங்கினாள். வீரனுக்கு வாள் இல்லை. கிழிந்த சட்டையோடு நின்றான். முதல் தெருவிலேயே ஒருத்தி, கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். அவளுக்குப் பின்னால், தொலைவில், கோட்டை மறுபடி புகைந்துகொண்டிருந்தது.

அவன் கட்டைவிரலுக்குப் பட்டனை அழுத்தத் தெம்பில்லை. அவள் தன் விரலை அதன்மேல் வைத்தாள்.

"ஓட வேணாம்" என்றான் கண்ணை மூடிக்கொண்டு. "நடந்தே போவோம்."

வீரன் கோட்டைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வெறும் குடத்தோடு, ஒவ்வொரு அடியாக நடக்க ஆரம்பித்தான்.