அடி வாங்காத கன்னம்

புது டியூக் கல்லுக்கு வரமாட்டார், பதவியேற்பெல்லாம் கோட்டைக்குள்ளேயே முடிந்துவிடும் என்று காரியஸ்தர் ஆளனுப்பிச் சொல்லிவிட்டார். குடியானவர் யெர்னெய் கேட்டால்தானே? விடிந்ததும் விடியாததுமாக முகத்தை மழித்துக்கொண்டு, புல்வெளி நடுவே இருந்த அந்தக் கல்லின்மேல் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கோட்டைக்குப் போகிற பாதை கல்லை ஒட்டித்தான் போகிறது. கண்ணில் பட்டால் இறங்காமலா போய்விடுவார் என்று ஒரு நப்பாசை.

தெர்சினா மலையிடுக்கில் கிடக்கும் சின்ன நாடு. இந்தக் கோடியில் தும்மினால் அந்தக் கோடியில் கேட்கும் என்று அண்டை நாட்டார் கேலி பேசுவார்கள். பேசட்டும். அவர்கள் ஊரில் எந்த டியூக் குடியானவன் கையால் அறை வாங்கியிருக்கிறார்? இங்கே அதுதான் வழக்கம். ஒரு டியூக் செத்தால் யெர்னெய் வீட்டு ஆண் இந்தக் கல்லில் உட்காருவான். அவன் எழும்வரை நாடு அவனுடையது. புதியவர் பட்டு உடுப்பையெல்லாம் கழற்றிப் போட்டு, குடியானவனின் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு நடந்து வரவேண்டும். "வர்றது யாரு?" என்று கல்லில் இருப்பவன் கேட்பான். "எங்களை ஆள வர்றவரு!" என்று சனங்கள் சொல்லவேண்டும். "நியாயம் தப்பாம தீர்ப்பு சொல்வாரா?" "சொல்வாரு!" அப்புறம் கன்னத்தில் ஒரு அறை. வாங்கியவர் கைகொடுத்து அவனை எழுப்பிவிட்டால், அவர் டியூக்.

யெர்னெய் அறைந்தது லுடோல்ட் டியூக்கை. அப்போது யெர்னெய்க்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. லேசாகத் தட்டவேண்டியதைப் பதற்றத்தில் பளாரென்று வைத்துவிட்டார். புல்வெளியே வெலவெலத்துப் போனது. லுடோல்ட் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "டேய், நான் என்ன உன் மாட்டையா திருடிட்டேன்?" என்றார். அப்புறம் அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அப்பப்பா!

அதன்பிறகு அறுப்புக் காலம் வந்தால் தவறாமல் யெர்னெய் வீட்டுக்கு வந்து, கஞ்சி குடித்துவிட்டு, அவர் மனைவி நேஷாவிடம் கன்னத்தைக் காட்டுவார். "இன்னும் வலிக்குதும்மா. உம் புருஷன் கையா, உலக்கையா?" வழக்குத் தீர்க்க உட்கார்ந்தாலும் அவர் கை தானாக இடது கன்னத்துக்குப் போகும். அவர் கன்னத்தைத் தடவினால் சாட்சிக்காரன் பொய்யை விழுங்கிவிடுவான் என்பார்கள். சொந்த மச்சான் என்றும் பாராமல், அவன் வளைத்துப் போட்ட மேய்ச்சல் நிலத்தைக் குடியானவர்களுக்கே திருப்பிக் கொடுக்க வைத்த மனுஷர். அதெல்லாம் ஒரு காலம்.

"போனவரையே நெனச்சிக்கிட்டு இருக்காதய்யா. வர்றவன் கன்னத்தைப் பாரு," என்றாள் கல்லருகே நின்ற நேஷா. அந்தக் கம்பளிக் கோட்டு அவள் கையில் மடிந்திருந்தது. பூச்சி அரித்த இடங்களில் ஒட்டுப்போட்டு, வெயிலில் காயவைத்து எடுத்து வந்திருந்தாள்.

குதிரைகள் வந்தன. புது டியூக் லுடோல்டின் தங்கை பேரன். வேற்று நாட்டு அரண்மனையில் வளர்ந்த பிள்ளை, ஊர்ப்பேச்சு ஒரு சொல் தெரியாது. கன்னம் வெண்ணெய் மாதிரி இருந்தது.

காரியஸ்தர் முன்னால் வந்து பல்லைக் கடித்தார். "யெர்னெய், மானத்தை வாங்காத. எந்திரிச்சு வழிய விடு."

"வழி அங்க கெடக்குய்யா, நான் கல்லுலதான இருக்கேன்? என்னை எழுப்ப வேண்டியவரு அவரு." சொல்லிவிட்டு யெர்னெய் அடித்தொண்டையிலிருந்து கேட்டார்: "வர்றது யாரு?"

பாதையோரம் நின்ற சனங்கள் காவலர்களின் ஈட்டிகளைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள். டியூக் குதிரையை நிறுத்தி, பெரியவர் என்ன சொல்கிறார் என்று தன் பாஷையில் காரியஸ்தரைக் கேட்டார்.

"உங்களை வாழ்த்துறாரு பிரபு," என்றார் அந்த ஆள், கொஞ்சமும் கூசாமல். டியூக் பூரித்துப்போய்த் தொப்பியைத் தூக்கினார்.

யெர்னெய் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "சொல்லுங்கப்பா, வர்றது யாரு?"

"எவனோ வழிப்போக்கன்!" என்று கத்தினாள் நேஷா.

கூட்டம் குபீரென்று சிரித்தது. டியூக்கும் கூடச் சேர்ந்து சிரித்து, அவளுக்கென்று தனியாக ஒருமுறை தொப்பியைத் தூக்கிவிட்டுக் கோட்டைக்குப் போய்விட்டார். பாவம், அந்தப் பிள்ளையைச் சொல்லி என்ன செய்ய?

சனங்கள் கலைந்தார்கள். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கி, குளிர் ஏறியது. யெர்னெய் அசையவில்லை.

"எந்திரிய்யா."

"எழுப்பாம எந்திரிக்கக் கூடாது நேஷா. எங்கப்பா, அவங்கப்பா, யாரும் இதுலேர்ந்து தானா எந்திரிச்சதில்ல." கண்ணீர் தாடையில் வழிந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

நேஷா அந்தக் கோட்டை உதறித் தானே மாட்டிக்கொண்டு, எதிரே வந்து நின்றாள். அது அவள் கால்வரை தொங்கியது.

யெர்னெய் மூக்கை உறிஞ்சினார். "நியாயம் தப்பாம தீர்ப்பு சொல்வியா?"

"இத்தனை வருஷமா உன் வீட்ல வேற என்னய்யா பண்ணேன்?"

அவர் கையை ஓங்கினார். மெல்ல, பூனைக்குட்டியைத் தொடுவதுபோல, அவள் இடது கன்னத்தில் தட்டினார். அவள் கைகொடுத்தாள். முழங்கால் கடகடக்க அவர் எழுந்து நின்றார்.

"இப்பதான்யா ஒழுங்கா அடிச்சிருக்க," என்றாள் தெர்சினாவின் டியூக்.