ஏழாவது மாமன்

கோகிலவாணி டீச்சரிடம் நாற்பத்திரண்டு தாலாட்டுகள் இருந்தன. நாற்பத்தொன்று முழுசு, ஒன்று மட்டும் அரைகுறை. மனுஷ மனசுக்கு ஒரு குணம் உண்டு. கையில் இருக்கிற நாற்பத்தொன்றையும் ஓரமாக வைத்துவிட்டு, கிடைக்காத அந்த ஒன்றின் வாசலிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும்.

டீச்சர் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறார். சனிக்கிழமை வந்தால் போதும், காலையில் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெள்ளிமலை பஸ்ஸில் ஏறிவிடுவார். பையில் ஒலிப்பதிவுக் கருவி, கோடு போட்ட நோட்டு, போகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பொட்டலம் பொரி உருண்டை. ஆறு வருஷமாக இதே கதைதான். மின்வாரியத்தில் வேலை பார்க்கும் அவர் வீட்டுக்காரர் தீனதயாளன்கூட, "எனக்கும் ஒரு பாட்டு பாடச் சொல்லேன், நானும் சரியா தூங்கறதில்ல" என்று கிண்டல் செய்வதோடு சரி. தடுத்ததில்லை.

அந்த அரைகுறைப் பாட்டு முனியனுடையது.

முனியனுக்கு நாற்பத்தைந்து வயசிருக்கும். மலையில் இரண்டு ஏக்கர் மரவள்ளி போட்டிருக்கிறார். மனைவி பாப்பாத்தி வருஷத்தில் நாலு மாசம் மிளகு பறிக்கப் போய்விடுவாள். அதனால் ஐந்து பிள்ளைகளையும் சேலைத் தூளியில் ஆட்டித் தூங்கவைத்தவர் முனியன்தான். இப்போதும் அந்த ஊரில் எந்த வீட்டில் பிள்ளை வீறிட்டாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மண்வெட்டியைச் சாத்திவைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்துவிடுவார்.

அவர் பாடுகிற பாட்டில் ஏழு மாமன்கள் ஏழு மலையிலிருந்து சீர் கொண்டு வருகிறார்கள். ஒருவன் பலாச்சுளை, ஒருவன் சாமை, ஒருவன் வயிற்றுக்குக் கடுக்காய், நாலாவது மாமன் சின்னசேலம் சந்தையில் வாங்கின கொலுசு, ஐந்தாவது மாமன் மூங்கில் குழாயில் தேன். ஆறாவது மாமனும் ஏழாவது மாமனும் என்ன கொண்டுவந்தார்கள் என்பது டீச்சருக்குத் தெரியாது. அதற்குள் பிள்ளை தூங்கிவிடும். பிள்ளை தூங்கினால் முனியன் வாயை மூடிக்கொள்வார்.

"அண்ணே, தூளிய சும்மா ஆட்டிக்கினே மிச்சத்தப் பாடுங்களேன்" என்று முதல் தடவையே டீச்சர் கேட்டுப் பார்த்தார்.

"வெறும் தூளிய ஆட்டக் கூடாது டீச்சரம்மா. புள்ளைக்கு ஆவாது."

"ஆட்ட வேணாம். வாயால சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்."

"இன்னா டீச்சரம்மா நீங்க! மாமன் அவ்ளோ தூரம் சீர் தூக்கினு வரான். வாங்கிக்கறதுக்குப் புள்ள முழிச்சிக்கினு இருக்க வேணாமா? தூங்கிடுச்சின்னா, எழுப்பக் கூடாதுன்னு அவன் அப்படியே திரும்பிப் பூடுவான். ஒங்க நோட்டுல குடுத்துட்டா அப்புறம் புள்ளைக்கு இன்னாத்தக் குடுக்கறது?"

டீச்சர் நோட்டை மூடிப் பையில் வைத்தார். நாலு தடவை போனார், நாலு பிள்ளைகள். இரண்டு பிள்ளைகள் சாமையிலேயே தூங்கின. ஒன்று கொலுசு வரைக்கும் வந்தது. ஒன்று தேனைக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. முனியன் குரல் அப்படி.

தாலாட்டுகளைப் புத்தகமாகப் போடுகிற விழுப்புரத்து அச்சகத்திலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. பதினைந்தாம் தேதிக்குள் புத்தகத்தின் கடைசிப் பக்கம் வரைக்கும் போய்ச் சேர வேண்டும்.

இந்த நிலையில்தான் புதன்கிழமை சாயங்காலம் மருந்துக்கடையில் அந்த அழுகையைக் கேட்டார். சாதாரண அழுகை இல்லை. கடைக்காரர் மாத்திரை அட்டையைக் கீழே போட்டுவிட்டார்.

"டீச்சர், நாந்தான் தேவிப்ரியா. ரெண்டாவது வருஷத்தோட நின்னுட்டேனே" என்றாள் பிள்ளையைத் தோளில் போட்டிருந்த பெண். கருணாபுரத்தில் குடியிருக்கிறாள். வீட்டுக்காரன் சந்தோஷ் பெயிண்ட் வேலைக்குப் போகிறான். பிள்ளை எழில்மதிக்கு மூன்று மாசம்.

"புள்ளைக்கு இன்னாம்மா?"

"ஒண்ணும் இல்லையாம் டீச்சர். மூணு டாக்டருங்க பாத்துட்டாங்க. வயித்துல வாயு, தானா சரியாப் பூடும்னு சொல்றாங்க. ஆனா தூங்கறதே இல்ல. செல்லுல தாலாட்டு போட்டா செல்ல எட்டி ஒதைக்குது."

வேறு யாராவதாக இருந்தால் ஐயோ பாவம் என்று சொல்லியிருப்பார்கள். டீச்சருக்கு உள்ளுக்குள் மணி அடித்தது. தூங்காத பிள்ளை! கடவுளே அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தார். அனுப்பியது கடவுள்தான், சந்தேகமில்லை. எதற்காக அனுப்பினார் என்பதில்தான் டீச்சர் கொஞ்சம் தப்புக் கணக்குப் போட்டுவிட்டார்.

"மலையில ஒருத்தர் இருக்காரும்மா. அவரு பாடினா எந்தப் புள்ளையும் தூங்கும். சனிக்கிழமை என்கூட வரியா?" என்றார். அது பொய் இல்லை. ஆனால் இந்தப் பிள்ளை தூங்கக் கூடாது என்று தன் மனசு வேண்டிக்கொண்டிருப்பதை அவர் சொல்லவில்லை.

சனிக்கிழமை பஸ்ஸில் எழில்மதி கச்சிராயபாளையம் வரைக்கும் அழுதாள். மலை ஏறும்போது வளைவுக்கு வளைவு அழுதாள். "டிரைவர் அண்ணே, இன்னிக்கு ஹாரன் அடிக்காதீங்க, பாப்பா பாத்துக்கும்" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. தேவிப்ரியாவும் சிரிக்கப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே மை பூசினது மாதிரி கருத்திருந்தது. டீச்சர் அதைப் பார்த்தார். ஆனால் மனசு முழுக்க ஏழாவது மாமனே இருந்ததால், பார்த்தது உள்ளே இறங்கவில்லை.

முனியன் வீட்டில் உத்தரத்தில் பாப்பாத்தியின் பழைய சேலை தூளியாகத் தொங்கியது. பிள்ளையை வாங்கிக்கொண்ட முனியன், "அட, இன்னாடி குட்டி, யாரு மேல இவ்ளோ கோவம்?" என்று கேட்டுவிட்டுத் தூளியில் போட்டார். நெற்றியில் ஒரு சிட்டிகை திருநீறு வைத்தார். டீச்சர் கருவியை முடுக்கினார். தேவிப்ரியா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

பலாச்சுளை வந்தது, பிள்ளை அழுதது. சாமை வந்தது, அழுதது. கொலுசுக்கு விசும்பல் ஆயிற்று. தேனுக்கு விசும்பலும் நின்றது. கண் மட்டும் மூடவில்லை. டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக ஆறாவது மாமன் வந்தான்.

"ஆறாம் மாமன் வாராண்டி
ஆட்டுக்குட்டி தூக்கியாராண்டி
கொம்பு மொளைக்காத குட்டியாண்டி
ஒங்கூட ஆட வருதாண்டி..."

அந்தச் சமயம் பார்த்து எழில்மதியின் இமை இறங்கியது. பாதி மூடியது. டீச்சருக்கு என்ன ஆயிற்றென்று அவருக்கே தெரியாது. விரல் தானாகப் போய்ப் பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டியது.

பிள்ளை வீறிட்டதில் வீடு அதிர்ந்தது. சுவரோரம் எப்போது தூங்கிப்போனாளோ, தேவிப்ரியா அலறி எழுந்தாள். கண் திறக்கவே இல்லை. "இதோ, இதோ, அம்மா வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே காலியாக இருந்த தன் மடியைத் தட்டினாள். பிள்ளை மடியில் இல்லை என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. தட்டிக்கொண்டே இருந்தாள்.

டீச்சருக்கு அப்போதுதான் அந்தக் கண்ணின் கருப்பு உள்ளே இறங்கியது.

"ஒண்ணுமில்லம்மா, நீ படு" என்று அவளைப் பிடித்துப் பாயில் சாய்த்தார். தன் சேலைத் தலைப்பைச் சுருட்டித் தலைக்குக் கொடுக்கப் பார்த்து, அது எட்டாமல், கைப்பையை வைத்தார். அவள் தலை பையில் படுவதற்குள் தூங்கிவிட்டாள்.

முனியன் எல்லாவற்றையும் பார்த்தார். திட்டவில்லை. "முதல்ல இருந்துதான் பாடணும்" என்று மட்டும் சொன்னார். முதல் மாமனிலிருந்து தொடங்கினார்.

இந்தத் தடவை வெகுநேரம் ஆயிற்று. வெயில் வாசலிலிருந்து உள்ளே வந்து தூளிக்குக் கீழே நின்றது. ஆறாவது மாமன் ஆட்டுக்குட்டியோடு வந்தபோது பிள்ளையின் இமை மறுபடியும் பாதி இறங்கியது. முனியன் ஆட்டுகிற கையை நிறுத்தாமலே டீச்சரைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "இன்னா டீச்சரம்மா, இன்னொரு வாட்டி கால சுண்டறீங்களா? ஏழாவது ஆளு வாசல்ல நிக்கறான்" என்றார். மீசைக்குள் சிரிப்பு இருந்தது.

டீச்சர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு ஏதோ நினைத்தவராகக் குனிந்து கருவியை நிறுத்தினார். நினைவகம் நிறைந்தால் அது 'பீப்' என்று கத்தும்.

"வேணாண்ணே" என்றார். "அவரப் போயிட்டு வரச் சொல்லுங்க."

எழில்மதி தூங்கினாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. பாட்டு நின்றது.

அம்மாவும் மகளும் மூன்று மணி நேரம் தூங்கினார்கள். ஒரு மணி பஸ் கீழே ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று, இரண்டரை பஸ்ஸும் போயிற்று. வாசலில் பாப்பாத்தியும் டீச்சரும் மரவள்ளிக் கிழங்கைத் தோல் உரித்தார்கள். "எங்க வூட்டுக்காரரு பாட்டுக்கு ஒங்களத்தான் இன்னும் தூங்கவைக்க முடியல" என்றாள் பாப்பாத்தி. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கோபுரம் இல்லாத கோயிலில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது அவருக்கு. ஏழாவது மாமன் என்ன கொண்டுவந்தான் என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை.

தேவிப்ரியா எழுந்ததும் பதறினாள். "ஐயோ டீச்சர், இவ்ளோ நேரமாச்சா? ஒங்க பாட்டு கெடச்சிதா?"

டீச்சர் உண்மையைச் சொன்னார், காலைச் சுண்டியதையும் சேர்த்து. தேவிப்ரியா பிள்ளையின் உள்ளங்காலைத் தடவினாள். பிறகு, "நானும் ஒரு நாள் கோவத்துல கிள்ளியிருக்கேன் டீச்சர்" என்றாள். இரண்டு பேரும் சூடான கிழங்கை ஊதி ஊதித் தின்றார்கள்.

பாட்டின் ஆறு மாமன்களையும் டீச்சர் அவளுக்கு எழுதிக் கொடுத்தார். எழில்மதி இப்போதும் செல்போனை எட்டி உதைக்கிறாளாம். ஆனால் அம்மா வாயால் பாடினால் கடுக்காய் வருவதற்குள் தூங்கிவிடுகிறாளாம்.

பதிமூன்றாம் தேதி அச்சகத்திலிருந்து போன் வந்தது.

"மேடம், கடைசிப் பாட்டுல ஏழு மாமன்னு ஆரம்பத்துல போட்டிருக்கீங்க. ஆறுதான் இருக்கு. ஒண்ணு விட்டுப்போச்சு போல."

"விட்டுப்போகல சார்" என்றார் டீச்சர். "பாட்டுக்குக் கீழ சின்ன எழுத்துல ஒரு வரி சேத்துக்கோங்க: 'இவ்விடத்தில் குழந்தை தூங்கிவிட்டது.'"