இரண்டு மாதக் கெடு

டூகல் கை வைத்த வேலை எதுவும் உருப்பட்டதாகச் சரித்திரம் இல்லை. மாண்ட்ரோஸில் முப்பத்தொரு வருஷம் அவனும் மனைவி ரோனாவும் குடித்தனம் நடத்திய வீட்டில் அவன் அடித்த அலமாரி ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும். அவன் மாட்டிய குழாயின் கீழே இன்னமும் வாளி இருக்கிறது. அப்பேர்ப்பட்டவன் விவாகரத்தையும் தன் கையாலேயே முடித்துவிடுகிறேன் என்று கிளம்பியபோது ரோனாவுக்குச் சிரிப்புதான் வந்தது.

"வக்கீலாம் வக்கீல். ஒரு ஃபாரம் நெரப்பத் தெரியாதா நமக்கு? பசங்களும் பெரியவனுங்க ஆயாச்சு," என்றான்.

"உன் பென்ஷன்?"

"பாதி உனக்குன்னு எழுதித் தரேன். போதுமா?"

அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். அவன் தண்ணீர் வாரியத்தில் உத்தியோகம் பார்த்த காலமெல்லாம் அவளுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் அரை நாள் வேலை. மீதி நேரம் இரண்டு பையன்கள், படுக்கையில் கிடந்த அவன் அம்மா. அவள் பேரில் சேர்ந்த பென்ஷன் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக வைக்கவே காணாது.

இணையத்தில் கிடைத்த மாதிரி ஒப்பந்தத்தில் பெயர்களை மட்டும் மாற்றி, டூகல் இரண்டு பிரதி எடுத்து வந்தான். சமையலறை மேஜையிலேயே இரண்டிலும் கையெழுத்து போட்டார்கள். சாட்சி, பக்கத்து வீட்டுக்காரன் வாட்டி. இறைச்சி அடைத்த பலகாரம் ஒன்றை மென்றுகொண்டே கையெழுத்துப் போட்டான். ஆளுக்கொரு பிரதி.

"அனுப்புற வேலையெல்லாம் நான் பாத்துக்கறேன்," என்றான் டூகல்.

ஒழுகும் கூரைத் தகரத்தையும் அப்படித்தான் பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மறுநாளே ரோனா நூலகத்துக்குப் போனாள். அங்கே செவ்வாய்தோறும் இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்லும் பெண் ஒருத்தி, காகிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இத முதல்ல எடின்பரோ பதிவு ஆபீசுல பதிவு பண்ணணும்மா. அப்புறம் விவாகரத்துத் தீர்ப்பு வந்து ரெண்டு மாசத்துக்குள்ள, எல்லாம் பென்ஷன் ஆபீஸ் கைக்குப் போய்ச் சேரணும். தவறிட்டா இது வெறும் காகிதம்தான்."

ரோனா தன் பிரதியை அனுப்பிப் பதிவு செய்தாள். தீர்ப்பு வந்த வாரமே எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் பென்ஷன் ஆபீசுக்கு அனுப்பினாள். டூகலிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் அரை மணி நேரம் அவனிடம் பாடம் கேட்க வேண்டும். சோம்பேறி, மறந்திருப்பான் என்று விட்டுவிட்டாள்.

ஒரு புதன்கிழமை காலை, அவள் புதிதாகக் குடிபோன வீட்டு வாசலில் டூகல் வந்து நின்றான். கையில் இனிப்புப் பெட்டி. கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளுக்கு இனிப்பு வாங்கி வந்ததே இல்லை.

"ஒரு வருத்தமான சேதி, ரோனா," என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான். "அந்த பென்ஷன் விஷயம். எத எதயோ பதிவு பண்ணணுமாம், ரெண்டு மாசம் கெடுவாம். நேத்தோட முடிஞ்சுபோச்சு. யாருக்குத் தெரியும், சொல்லு?"

"நேத்தோடயா?"

"நேத்து ராத்திரியோட."

அவள் உள்ளே போய் ஒரு கடிதத்தை எடுத்து வந்து நீட்டினாள். பாதிப் பங்கு பதிவாகிவிட்டதென்று பென்ஷன் ஆபீஸ் எழுதியிருந்தது.

"உனக்கும் இதே மாதிரி ஒண்ணு வந்திருக்கும். வழக்கம்போல பிரிக்காம போட்டு வச்சிருப்ப."

டூகல் இரண்டு தரம் படித்தான். இனிப்புப் பெட்டியை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.

வாய் நிறையத் திட்ட வேண்டுமென்றுதான் அவளுக்கு இருந்தது. கடிதத்தை அவன் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"உன்ன சோம்பேறின்னுதான் நெனச்சிருந்தேன், டூகல். என் பொறந்தநாள ஒரு வருஷமாவது நீயா ஞாபகம் வச்சிருக்கியா? இதுக்கு மட்டும் ஒரு நாள் பிசகாம எண்ணியிருக்க."

கண்ணில் நீர் முட்டியது. போயும் போயும் இந்த ஆள் முன்னால் அழுகிறோமே என்ற ஆத்திரத்தில் அவள் கதவைச் சாத்தினாள்.